பாலாற்றங்கரை நகராட்சிகள் – 9: எல்லைக்கல்லைத் தாண்டிய தண்ணீர்

1866ஆம் ஆண்டில் வட ஆற்காடு மாவட்டத்தில் இரண்டு ஊர்கள் நகராட்சிகளாயின. ஒன்று வாலாஜாபேட்டை, மற்றொன்று வேலூர். அதற்கு முந்தைய ஆண்டு சென்னை அரசாங்கம் இயற்றிய நகர மேம்பாட்டுச் சட்டம்தான் இரண்டையும் பெற்றெடுத்தது. இன்றைக்கு வேலூர் ஐந்து லட்சம் பேர் அளவில் வாழும் மாநகராட்சி. வாலாஜாபேட்டை, நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெயர்ப்பலகையில் மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோகிற சிறு நகரம். ஆனால் 1866க்குச் சற்று முன்புவரை நிலைமை வேறு. அன்று செல்வாக்குள்ள ஊர் வாலாஜாபேட்டைதான்.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய அந்தப் பேட்டையில், கடற்கரையிலிருந்து மேட்டுநிலத்துக்குப் போகும் சரக்கும் அங்கிருந்து இறங்கி வரும் சரக்கும் கைமாறின. நெசவும் சாயமும் கம்பளமும் அங்கே செழித்தன. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அந்த ஊரை நோக்கித்தான் வந்தது. வந்த பாதை ஊருக்குள் நுழையாமல் சில மைல் தள்ளி நின்றது. நிலையத்துக்கு வாலாஜா ரோடு என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் மேற்கே காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீண்டபோது, வாலாஜாபேட்டையில் வண்டி அவிழ்த்துச் சரக்கு மாற்றவேண்டிய அவசியமே வணிகர்களுக்கு இல்லாமல் போயிற்று. நகராட்சி என்ற தகுதி வந்து சேர்ந்தபோது அந்த ஊரின் வியாபாரம் வேறு ஊர்களுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

வேலூரையும் பிரதானப் பாதை தொடவில்லை. பாலாற்றின் வடகரையிலுள்ள காட்பாடியோடு அது தன் வழியே போய்விட்டது. இருந்தும் வேலூர் தேய்ந்துபோகவில்லை. கோட்டை இருந்தது, படை இருந்தது, கச்சேரிகள் இருந்தன. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் வட ஆற்காட்டின் தலைநகரம் என்ற தகுதியும் வேலூருக்கு வந்தது. ஓர் ஊரை வியாபாரம் வளர்க்கலாம், அரசாங்க அலுவலகமும் வளர்க்கலாம். வேலூர் இரண்டாவது வகை. அதன் மேற்கே ஆம்பூரும் வாணியம்பாடியும் முதல் வகை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் விளங்கும்.

இந்தத் தொடரில் ஆரம்பத்திலிருந்து ஒரே கேள்வியைத்தான் துரத்திக்கொண்டு வருகிறோம். பாலாற்றங்கரை ஊர்கள் தங்கள் தண்ணீரையும் சாக்கடையையும் தாங்களே ஆளும் உரிமையை எப்போது பெற்றன, எப்போது இழந்தன? பெற்ற கதையைச் சுருக்கமாகவும் இழந்த கதையை விரிவாகவும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் எவரும் கிடையாது. அரசாங்கம் நியமித்த கமிஷனர்கள் கூடி, வீட்டுவரியும் வண்டிவரியும் சுங்கமும் விதித்து, தெரு கூட்டி, விளக்கேற்றி, ஊர்ப் போலீசுக்கான செலவில் பெரும் பங்கையும் கட்டினார்கள். 1871இல் வந்த அடுத்த சட்டம் போலீஸ் செலவைத் தள்ளிவைத்தது, தேர்தலுக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தது. 1882இல் வைசிராய் ரிப்பன் பிரபு தல சுயாட்சி பற்றி வெளியிட்ட தீர்மானத்தின் பயனாக 1884இல் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குவரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றது. குடியாத்தமும் வாணியம்பாடியும் இந்தக் காலத்தில்தான் நகராட்சிகளாயின. ஆம்பூர் வெகுகாலம் அந்தப் பட்டியலில் இல்லை. தோல் வியாபாரத்தில் வாணியம்பாடிக்கு இணையாக வளர்ந்த ஊர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராட்சித் தகுதி இல்லாத ஒரு சிறு யூனியனாகவே இருந்தது.

இந்த ஊர்களின் தோல் எங்கே போயிற்று என்று பார்த்தால் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நினைவுக்கு வருகிறது. நார்த்தாம்ப்டன்ஷயர் கவுண்டியின் தலைநகரம் அது. நம் வேலூர் எப்படி மாவட்டத் தலைநகரமோ அப்படி. கூடவே அது இங்கிலாந்தின் பூட்ஸ் தலைநகரம். பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரிலேயே பாராளுமன்றப் படைக்குச் செருப்பு தைத்துக் கொடுத்த ஊர். ஆவாரம்பட்டையில் ஊறிய சென்னை மாகாணத்து மாட்டுத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்தின் செருப்புத் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. 1914இல் தொடங்கிய உலகப்போரின்போது படைவீரர் பூட்ஸின் மேல்தோலுக்கு அது இன்றியமையாததாகிவிட, அரசாங்கமே அந்தத் தோலை மொத்தமாக வாங்கத் தொடங்கியது. பாலாற்றில் கழுவிய தோல் பிரான்ஸின் பதுங்குகுழிச் சேற்றை மிதித்தது.

நார்த்தாம்ப்டனில் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே வரி கட்டுவோர் தேர்ந்தெடுத்த மன்றம் அமைந்துவிட்டது. 1864இல் அந்த மன்றம் கில்டுஹால் என்னும் சிற்பங்கள் நிறைந்த ஒரு மன்ற மாளிகையைக் கட்டிக்கொண்டது. வேலூரில் அப்போது நகராட்சியே கிடையாது. இரண்டு ஊர்களும் ஒரே தோலின் இரு முனைகள். ஒரு முனையில் பூட்ஸ், கூலி, வரி, கில்டுஹால். மறுமுனையில் சுண்ணாம்புத் தண்ணீர். தோலின் துர்நாற்றம் முழுவதும், அழுக்குத் தண்ணீர் முழுவதும் பதனிடும் இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஏற்றுமதியாவது சுத்தமான சரக்கு மட்டும்.

அந்தத் தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டு அடுக்கித்தான் பதனிடும் கூடமான தோல் ஷாப்புக்கு வரும். முதல் வேலை ஊறவைத்து உப்பையும் இரத்தத்தையும் அழுக்கையும் கழுவுவது. அடுத்து சுண்ணாம்புத் தொட்டி. ரோமம் உதிர, சதை வழிக்க, மறுபடியும் கழுவ. அதற்குப்பின் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கரைத்த சாற்றில் வாரக்கணக்கில் ஊறல். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் உள்ளே போய் வேறொன்றாக வெளியே வருகிறது. தொட்டிக்குள் இறங்கி நின்று கைகளால் தோலைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களின் உள்ளங்கால்களைத்தான் அந்தச் சுண்ணாம்பு முதலில் தின்றது. இந்த வரலாற்றில் நகர்மன்றத் தலைவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. தொட்டியில் நின்றவர்களின் பெயர்களை எங்கேயும் காணோம்.

பாலாற்றங்கரையில் இந்தத் தொழில் நிலைத்ததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. சுற்றியுள்ள வறண்ட காடுகளில் ஆவாரம் செடி மண்டிக்கிடந்தது. மேய்ச்சல் நிலம் இருந்தது. தோல் வியாபாரத்தில் தலைமுறைகளாகப் பழகிய முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் இருந்தன. சென்னைப் பெரியமேட்டு மண்டிகளோடு அவர்களுக்கு உறவு இருந்தது, ரயில் அந்த உறவை ஓர் இரவுப் பயணமாகச் சுருக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாலாறு. மேலே வெள்ளம் ஓடாத மாதங்களிலும் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஆறு அது. ஆற்று மணலில் வாய்க்கால் வெட்டி அந்த அடிநீரை வயலுக்கு இழுக்கும் ஊற்றுக்கால்வாய் முறை இங்குள்ள உழவர்களின் தனித்திறமை. ஒரு கால்வாயை ஆண்டுதோறும் தூர்வார ஊரே கூடிவரவேண்டும். யார் எத்தனை ஆள் அனுப்புவது, யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்ற முறை எல்லாம் ஊரார் வைத்துக்கொண்டது. நகராட்சிச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தண்ணீருக்கான தல சுயாட்சி இருந்தது என்று நான் நம்புவது இதனால்தான்.

ஆறு கோபித்த நாளும் உண்டு. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம், அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடியின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. ஏராளமானோர் மாண்டார்கள். மேலே எவர் ஆட்சியிலோ உள்ள ஏரி உடைந்தால் கீழே உள்ள நகர்மன்றம் பிணங்களை எண்ணத்தான் முடியும் என்பதை அந்த ஊர் அன்று அறிந்துகொண்டது. எல்லைக்கு அப்பால் நடப்பது எல்லைக்குள் வந்து சேர்வதைப் பற்றிய முதல் பாடம் இது. அடுத்து வந்தது எதிர்த்திசையில். எல்லைக்குள் சம்பாதித்த பணம், எல்லைக்கு அப்பாலுள்ள கிணறுகளைக் கெடுத்தது.

1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் படிக்கும் எவருக்கும் ஒரு விஷயம் உறைக்கும். நகர்மன்றம் கையாலாகாத அமைப்பாக எழுதப்படவில்லை. அருவருப்பும் ஆபத்தும் தரும் தொழில்கள் என்று ஒரு நீண்ட அட்டவணை அந்தச் சட்டத்தில் உண்டு. தோல் பதனிடுதல் அதில் இடம்பெற்றிருந்தது. அந்தத் தொழிலை நடத்த ஆண்டுதோறும் நகராட்சியின் உரிமம் வேண்டும். நிபந்தனை விதிக்கலாம், மறுக்கலாம். நகராட்சி எல்லைக்கு வெளியேயும் குறிப்பிட்ட தூரம்வரை, அரசாங்கத்தின் ஒப்புதலோடு அந்த அதிகாரத்தை நீட்டலாம். 1939இல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் சில ஆயுதங்களைக் கொடுத்தது. ஆக, எந்தத் தொட்டியின் தண்ணீர் எந்தக் கால்வாயில் போகவேண்டும் என்று சொல்லும் உரிமை, அந்தத் தொட்டிக்கு மிக அருகில் இருந்த மன்றத்திடமே இருந்தது.

அந்த உரிமை ஏன் முழு வீச்சில் பயன்படவில்லை? நகர்மன்றத்தில் அமர்ந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. இந்த ஊர்களின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் தோல் வணிகர்கள் கொடுத்த பணத்தில் எழுந்தவை. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1919இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி, மேல்விஷாரத்தில் 1965இல் எழுந்த அப்துல் ஹக்கீம் கல்லூரி என்று அந்த வரிசை நீளும். நகராட்சிக் கஜானா செய்யவேண்டியதையெல்லாம் வணிகரின் கொடை செய்தது. சொத்துவரி கட்டுவோருக்கு மட்டுமே வாக்கு இருந்த காலத்தில், மன்றத்தில் அமர்ந்தவரும் தோல் ஷாப் வைத்திருந்தவரும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே குடும்பத்தில் இருந்தார்கள். ஆவாரம்பட்டைக் காலத்தில் கழிவின் கேடும் ஓர் அளவுக்குள் நின்றது. பட்டைச்சாறு நாறும், கறுக்கும், ஆனால் மழை வந்தால் ஆறு அதைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கைக்கு இடமிருந்தது. இவை எல்லாம் உண்மை. இவற்றோடு இன்னொன்றும் உண்மை: சுற்றுப்புறக் கிராமத்து உழவருக்கு அந்த மன்றத்தில் வாக்கும் இல்லை, நாற்காலியும் இல்லை.

புதிய தோல் ஷாப்புகள் பெரும்பாலும் எழும்பியதும் அந்தக் கிராமங்களில்தான். ஆம்பூரை ஒட்டிய துத்திப்பட்டு, சோலூர் போன்ற ஊர்கள் நகராட்சி எல்லைக்கல்லுக்கு வெளியே இருந்தன. நிலம் மலிவு, வரி குறைவு, கேள்வி கேட்கும் அலுவலகம் சிறிது. ஊராட்சித் தலைவரிடம் ஓர் எழுத்தரும் ஒரு ரசீதுப் புத்தகமும் இருக்கும். ரசாயனம் அறிந்த ஆள் இருக்கமாட்டார். தொழிலாளர் குடியிருப்பும் சந்தையும் பேருந்து நிலையமும் நகராட்சியின் பொறுப்பில், கழிவு மட்டும் ஊராட்சியின் நிலத்தில். நகரம் ஒன்றாக வளர்ந்தது, அதன் ஆட்சி மட்டும் துண்டுதுண்டாக நின்றது.

இனி வருவது மூன்றே ஆண்டுகளில் நடந்தது.

1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. பெரிய குடிநீர்த் திட்டங்களை வகுப்பதும் கட்டுவதும் நகராட்சிகளிடமிருந்து வாரியத்துக்குப் போயின. வேலூருக்கு ஓட்டேரி ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த காலத்தில் அந்த ஏரி நிறைந்ததா, கரை பலமா என்பது நகர்மன்றக் கூட்டத்தின் விவாதப் பொருள். வாரியம் வந்தபிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது சென்னையில் தீர்மானிக்கும் விஷயமாயிற்று.

1973இல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு வரம்பு கட்டியது. முந்தைய ஆண்டு சீதாராமையா குழு சொன்ன யோசனை அது. பதனிட்டு அனுப்பிவிட்டு வெளிநாட்டவர் செருப்பாக்கி லாபம் பார்ப்பதைவிட, இங்கேயே முழுத் தோலாக, செருப்பாக ஆக்கி விற்கவேண்டும் என்ற எண்ணம். வேலைவாய்ப்பு நோக்கில் அது மிகச் சரியான முடிவு. நூறாண்டு காலமாக நார்த்தாம்ப்டனுக்குப் போன லாபத்தை ஆம்பூருக்குத் திருப்பிய முடிவு. ஆம்பூரின் ஷூ தொழிற்சாலைகளும், சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் பேருந்தேறி வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கான பெண்களும் அதன் விளைவுதான். 2011 கணக்கெடுப்பில் ஆம்பூரின் மக்கள்தொகை 1,14,608. வாணியம்பாடியின் 95,061ஐ அது தாண்டிவிட்டது. ஆனால் முழுத் தோலுக்கு மாறியதென்றால் குரோமிய முறைக்கு மாறியது என்று பொருள். வாரங்கள் எடுத்த வேலை சில நாளில் முடிந்தது, சரக்கு பெருகியது, தண்ணீர்த் தேவையும் பெருகியது. வெளியே வந்த நீரில் குரோமியமும் சேர்ந்தது.

1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. கழிவுநீர் பற்றிய அதிகாரம் மாநில வாரியத்துக்குப் போயிற்று. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல்தான் அமைந்தது. அளவுமானி, ஆய்வுக்கூடம், நீர் மாதிரி எல்லாம் வாரியத்தின் கையில். அந்த நிபுணத்துவம் தேவைதான், நகராட்சிச் சுகாதார ஆய்வாளரால் குரோமியத்தை அளக்க முடியாது. ஆனால் தினமும் அந்தக் கால்வாயைத் தாண்டிப் போகிறவர், அதன் நிறம் மாறியதை அன்றே பார்க்கிறவர், வார்டு உறுப்பினரும் ஊராட்சி உறுப்பினரும்தான். சட்டம் அவர்களுக்கு இதில் ஒரு வேலையும் வைக்கவில்லை. 1920இன் உரிம அதிகாரம் ஏட்டில் இருந்தது. கட்டணம் வாங்கி முத்திரை குத்துகிற சடங்காக அது சுருங்கியது.

மன்றமாவது இருந்ததா? 1969க்குப் பிறகு தமிழக நகராட்சிகளுக்கு 1986 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. குரோமிய முறை பரவிய ஆண்டுகளின் பெரும்பகுதியில் தனி அலுவலர்கள்தான் நகராட்சிகளை நடத்தினார்கள். 1986இல் வந்த மன்றங்களின் ஐந்தாண்டு முடிந்ததும் மறுபடியும் இருட்டு. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு தேதிவரிசையை வைத்துப் பாருங்கள். தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது 1991இல். தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28இல். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தையே திருப்பிப்போட்ட வழக்கு, பாலாற்றங்கரை நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்துக்குள் தொடங்கி அந்தக் காலத்துக்குள்ளேயே முடிந்திருக்கிறது. மக்கள் டில்லிக்குப் போனார்கள். உள்ளூரில் போய்த் தட்டுவதற்குக் கதவு இல்லை.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் முன் வைக்கப்பட்ட கணக்கு இது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர். பதனிடும் வேலையில் 170 வகை ரசாயனங்கள். வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வின்படி 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. சோலூரில் நடத்திய ஆய்வு கழிவுநீரின் நிலையைச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று மாநில அரசு பத்தாண்டுகளாகச் சொல்லி வந்ததும், பெரும்பாலானோர் கட்டாமலிருந்ததும் பதிவாயின.

கெடுத்தவரே ஈடுகட்டவேண்டும் என்ற நெறியும், கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்ற நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்று எந்தச் சட்டக்கல்லூரி மாணவரும் வேலூர் என்ற பெயரை முதலில் கேள்விப்படுவது இந்த வழக்கில்தான். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் தனிப் பசுமை அமர்வு, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் என்று உத்தரவுகள் தொடர்ந்தன. ஆறுகள், ஓடைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழிற்சாலை புதிதாக வரக்கூடாது என்று மாநில அரசே 1989 மார்ச்சில் போட்டிருந்த ஆணையைக் கண்டிப்பாக நிறைவேற்றச் சொன்னது நீதிமன்றம். அரசாங்கத்தின் சொந்த ஆணையை நிறைவேற்ற உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நீதிபதி பாஸ்கரன் தலைமையில் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தது. 2001இல் அது சொன்ன முடிவின்படி வேலூர் மாவட்டத்தில் 15,164 ஹெக்டேர் நிலமும் 29,193 பேரும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 547 தோல் தொழிற்சாலைகள் கொடுக்கவேண்டிய ஈட்டுத்தொகை 26.82 கோடி ரூபாய். சராசரியாகத் தலைக்கு 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வழிவழியாக வந்த கிணற்றுக்கு அது விலையாகுமா என்று உழவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, மேல்விஷாரம், ஆம்பூருக்குத் துத்திப்பட்டு என்று ஒவ்வொரு பகுதிக்கும் கூட்டாகக் கட்டினார்கள். தொழிலதிபர்கள் கோடிக்கணக்கில் செலவிட்டதை மறைக்கக்கூடாது. குரோமியத்தைப் பிரித்தெடுக்கவும் சுண்ணாம்பையும் சதைக்கழிவையும் படியவைக்கவும் இந்த நிலையங்களால் முடிந்தது. உப்பு மட்டும் அடங்கவில்லை. பச்சைத்தோலோடு வந்த உப்பு, சாதாரணச் சுத்திகரிப்பில் அப்படியே கடந்துபோகும். கரைந்த உப்பை நீக்கச் சவ்வு வடிகட்டி வேண்டும், வடிகட்டியபின் மிஞ்சுகிற உவர்நீரைக் கொதிகலனில் காய்ச்சி வற்றவைக்கவேண்டும். ஒரு சொட்டும் வெளியே விடாத முறை என்று அதைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பும் குவியல் குவியலாகச் சேறும் மிஞ்சின. அவற்றை எங்கே வைப்பது? 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள். ஊருக்குள் ஓட்டும் இல்லாத, உறவும் இல்லாத அவர்களுக்காக எந்த வார்டிலும் குரல் எழ வழியில்லை. ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவுக் குன்று இதிலிருந்து வேறான, நீண்ட விவகாரம். அதற்கென்று தனி அத்தியாயம் வைத்திருக்கிறேன்.

வேலூருக்குத் திரும்புவோம். இந்த நகரத்தை வளர்த்தது தோலைவிடக் கச்சேரியும் மருத்துவமனையும். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையிடம் சிஎம்சி மருத்துவமனையாக வளர்ந்து, வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளை இழுத்தது. 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி விஐடி பல்கலைக்கழகமாயிற்று. விடுதிகளும் மருந்துக்கடைகளும் அடுக்குமாடிகளும் பெருகின. 2008 ஆகஸ்டில் வேலூர் மாநகராட்சியானது. 2011இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, தொரப்பாடி, அல்லாபுரம் போன்ற பக்கத்து ஊர்களைச் சேர்த்து 60 வார்டுகளாக விரிந்தது. பாலாற்றின் இரு கரையும் ஒரே மன்றத்தின் கீழ் வந்தன. ரயில் பிரித்துப்போட்ட காட்பாடியும் வேலூரும் ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் ஒரே மாநகராட்சிக்குள் சேர்ந்தது நல்ல காரியம் என்றே எண்ணுகிறேன். சாக்கடைக்குத் தேவையானது ஒரே எல்லை.

குடிநீர் மட்டும் எல்லைகளைக் கடந்து வெகுதூரம் போய்விட்டது. பாலாற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த நகரங்களுக்கு இப்போது மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரி நீர் குழாயில் வருகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லாம் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருக்கின்றன. மேட்டூர் அணை வற்றினால் ஆம்பூரில் குடம் காத்திருக்கும். காலடியில் ஓர் ஆறு இருந்தும் இந்த நிலை.

2016 செப்டம்பரில் வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த மாதமே மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. நகரத்தின் வரலாற்றிலேயே பெருந்தொகை செலவான அந்த ஐந்தரை ஆண்டுகளில் எந்தத் தெருவைத் தோண்டுவது, எந்தச் சாக்கடையை மூடுவது என்று கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 1991க்கும் 1996க்கும் இடையில் நடந்தது அப்படியே மீண்டும் நடந்தது. 1992இன் அரசமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியிருந்தும் நடந்தது. 2022 தேர்தலில் வேலூரின் 37ஆவது வார்டு கங்கா என்ற திருநங்கையைத் தேர்ந்தெடுத்தது. வாய்ப்புக் கிடைத்தபோது இந்த ஊர் மக்கள் யாரைத் தங்கள் பிரதிநிதியாக்கத் துணிந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாவட்டமும் மூன்றாகிவிட்டது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபின், ஒரே ஆற்றின் தோல் நகரங்கள் மூன்று கலெக்டர்களின் கீழ் நிற்கின்றன. பேரணாம்பட்டு வேலூரில், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். நிர்வாக வசதிக்கு அது உதவலாம். ஆற்றுக்கு அது உதவியதாக எனக்குத் தோன்றவில்லை.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும். ஈட்டுத்தொகை இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. ஆற்றை மீட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. வழக்கை முடிக்காமல் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது. முதல் மனு போட்டு 34 ஆண்டுகள். இடையில் நகர்மன்றத் தேர்தல்கள் 1996, 2001, 2006, 2011, 2022 என்று ஐந்து முறை நடந்திருக்கின்றன.

1920ஆம் ஆண்டின் சட்டம் 2023 ஏப்ரலில் விடைபெற்றது. 1998இல் இயற்றி கால் நூற்றாண்டாக நிறுத்திவைத்திருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் அதன் இடத்தில் அமர்ந்தது. எல்லைக்குள் தொழில் நடத்த உரிமம் தரும் பொறுப்பு அதிலும் நகர நிர்வாகத்திடமே இருக்கிறது. 2022இல் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2027இல் முடிகிறது.